உட்கார்ந்த இடம்

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸ் என்ற முன்னாள் சாம்பியனோடு ஒரு கண்காட்சிக் குத்துச்சண்டை. முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருந்த நாங்கள் நாலு பேர் எப்படியோ டிக்கெட் பிடித்துப் போய்விட்டோம். என் தோளில் ஓர் அக்ஃபா க்ளிக் 3 தொங்கியது. அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பங்களில் பாதி பேரின் கல்யாணப் படமும் காதுகுத்துப் படமும் அந்தக் கேமராவில் எடுத்ததுதான். ஒரு ரோலில் பன்னிரண்டு படம்.

பன்னிரண்டையும் எடுத்தேன். பன்னிரண்டிலும் தலைகள். கறுப்புத் தலை, வழுக்கைத் தலை, துண்டு கட்டிய தலை. தூரத்தில் வெளிச்சமாக ஒரு சதுரம், அதில் தீக்குச்சி அளவுக்கு இரண்டு உருவங்கள். எது அலி, எது எல்லிஸ் என்று எனக்கே தெரியவில்லை. ஃபிலிமைக் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரரிடம், "மட்டமான கேமரா அண்ணே" என்று அலுத்துக்கொண்டேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "கேமராவைத் திட்டாதீங்க தம்பி. நீங்க உட்கார்ந்த எடம் அப்படி" என்றார்.

அப்போது அது கிண்டல் என்று நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு நீல் லைஃபர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்த ஒரு வரிக்குள் ஒரு தொழிலே அடங்கியிருப்பது புரிந்தது.

லைஃபரின் பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால் அவர் எடுத்த ஒரு படத்தைப் பார்க்காதவர் குறைவு. ஜிம்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்களே, அதுதான். கீழே ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். அவர்மேல் குனிந்து, வலது கையை மார்புக்குக் குறுக்கே மடக்கி, எழுந்திரு என்று கத்துகிறார் அலி.

1942 டிசம்பர் 28 அன்று பிறந்தவர் லைஃபர். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு என்ற, ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் வளர்ந்தவர். அங்கே ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட் என்ற சமூக நல நிலையம் ஒன்று உண்டு. அங்கு நடந்த புகைப்பட வகுப்பில்தான் கேமராவைப் பிடிக்கக் கற்றார். ஃபிலிமுக்கும் கேமராவுக்கும் காசு வேண்டுமே? ஸ்டேஜ் டெலிகேட்டஸன் என்ற உணவுக் கடையிலிருந்து வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாகச் சாண்ட்விச் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார்.

அவருடைய பதினாறாவது பிறந்த நாளன்று, 1958 டிசம்பர் 28, யாங்கி ஸ்டேடியத்தில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி. பால்டிமோர் கோல்ட்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் மோதின. டிக்கெட்டுக்கு வழியில்லாத பையன் எப்படி உள்ளே போனான் தெரியுமா? போரில் ஊனமுற்ற ராணுவ வீரர்களைச் சக்கர நாற்காலியில் மைதானத்துக்கு அழைத்து வருவார்கள். நாற்காலி தள்ள ஆள் தேவை. அந்த ஆட்களில் ஒருவனாக நுழைந்தான். குளிரில் நின்ற போலீஸ்காரர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, கோட்டோரம் நிற்கவும் அனுமதி வாங்கிவிட்டான். ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. இருட்டிவிட்டது. கோல்ட்ஸ் அணியின் ஆலன் அமீச்சி பந்தோடு கோட்டைத் தாண்டி வெற்றியை முடித்தபோது (23-17), நேர் எதிரே பத்து கஜத்தில் இந்தப் பையன் நின்றிருந்தான்.

பெரிய பத்திரிகைக்காரர்களிடம் தூரத்தை இழுத்துக் கொண்டுவரும் லென்ஸ்கள் இருந்தன. பையனிடம் இல்லை. அதனாலேயே அவன் படத்தில் ஆட்டக்காரர் மட்டும் இல்லாமல், இருண்ட வானம், மங்கலான விளக்குகள், பின்னால் திரண்ட கூட்டம் எல்லாம் விழுந்தன. இல்லாமையே ஒரு லாபமாகிவிட்டது.

1960 முதல் அவர் படங்கள் லைஃப், லுக், நியூஸ்வீக், டைம் எனப் பெரிய பத்திரிகைகளில் வரத் தொடங்கின. மிக அதிகமாக வந்தது ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில். ஆனால் 1972 வரை அந்த இதழின் நிரந்தர ஊழியர் அல்லர் அவர். அதுவரை ஃப்ரீலான்ஸ்தான்.

ஃப்ரீலான்ஸ் என்ற சொல் கேட்கக் கம்பீரமாக இருக்கும். முப்பத்தைந்து வருஷம் ஒன்றாம் தேதி சம்பளத்தை எதிர்பார்த்து வாழ்ந்த என்னைப் போன்றவர்களுக்குத்தான் அதன் உட்பொருள் சுருக்கென்று தைக்கும். மாதச் சம்பளம் இல்லை, சேமநல நிதி இல்லை, மருத்துவ விடுப்பு இல்லை. போன வாரம் எடுத்த படம் இந்த வாரச் சோற்றுக்கு உதவாது. ஒரு போட்டிக்குப் போய் முக்கியமான நொடியைத் தவறவிட்டால் அடுத்த போட்டிக்கு வேறொருவருக்குத் தொலைபேசி போகும். விளையாட்டில் இன்னொரு கஷ்டமும் உண்டு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்து, "இன்னொரு தடவை மாலையைப் போடுங்க" என்று சொல்லலாம். குத்து வாங்கி விழுந்தவரிடம் இன்னொரு தடவை விழச் சொல்ல முடியாது.

இப்போது அந்தப் படத்துக்கு வருவோம். 1965 மே 25. மெய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற சிறு நகரம். அலிக்கும் சன்னி லிஸ்டனுக்கும் இரண்டாவது மோதல். பாஸ்டனில் நடக்க வேண்டிய போட்டி, பல சிக்கல்களால் கடைசி நேரத்தில் இங்கே மாறியது. உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கான போட்டிக்கு வந்த கூட்டம் வெறும் 2,434 பேர்.

லைஃபருக்கு அப்போது வயது 22. வளையத்தின் ஓரத்தில், முழங்கைகள் மேடையைத் தொடும்படி அவருக்கு ஓர் இடம். மணி அடித்துவிட்டால் அங்கிருந்து நகர முடியாது. அவருக்கு நேர் எதிர்ப்புறத்தில் ஹெர்ப் ஷார்ஃப்மன். அதே பத்திரிகைக்காக வந்தவர், அனுபவத்தில் மூத்தவர், கைதேர்ந்தவர்.

லைஃபர் எடுத்தது கலர்ப் படம். அந்தக் காலத்துக் கலர் ஃபிலிம் ஏராளமான வெளிச்சம் கேட்கும். அதற்காக வளையத்துக்கு மேலே சக்தி வாய்ந்த ஃப்ளாஷ் விளக்குகளை முன்கூட்டியே கட்டித் தொங்கவிட்டு, அவற்றைக் கேமராவோடு இணைத்திருந்தார். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு முறை ஃப்ளாஷ் அடித்தால் மறுபடி மின்சாரம் ஏறச் சில நொடிகள் பிடிக்கும். கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டவர் சரசரவென்று எடுத்துத் தள்ளலாம். இவர் ஒன்று எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஒன்றைச் சுட்டுவிட்டால், உண்மையான நொடி வரும்போது கையில் இருளடைந்த விளக்குதான். ஆகவே எடுப்பதைவிட எடுக்காமல் பொறுத்திருப்பதே அங்கே பெரிய திறமை.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த விஷயம் ஒன்று. அவர் கையில் இருந்தது ரோலிஃப்ளெக்ஸ், உயர்தர ஜெர்மன் கேமரா. ஆனால் அதற்குள் போட்டது 120 ஃபிலிம், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். என் அக்ஃபா க்ளிக்கிலும் அதே அளவு, அதே பன்னிரண்டுதான்!

முதல் சுற்றிலேயே லிஸ்டன் விழுந்தார். பலருக்குக் குத்து விழுந்ததே கண்ணில் படவில்லை. அது நிஜமான குத்தா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. லிஸ்டன் விழுந்தது லைஃபரின் பக்கமாக. அலி அவர்மேல் நின்று கத்தியதும் லைஃபரின் பக்கம் பார்த்து. ஒரு சொடுக்கு. முடிந்தது.

அந்தப் படத்தை மறுபடி எங்கேயாவது பார்த்தால் அலியின் கால்களுக்கு நடுவே பாருங்கள். கேமராவோடு ஒருவர் தெரிவார். அவர்தான் ஷார்ஃப்மன். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. அன்றைக்கு அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் பயனில்லை, தவறான இடத்தில் இருந்தார் என்று லைஃபரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விளையாட்டுப் படத்தில் அதிர்ஷ்டம் பெரும்பங்கு என்பதை அவர் மறைத்ததே இல்லை. அதிர்ஷ்டம் வந்த நொடியில் தவறவிடாமல் இருப்பதுதான் நல்ல புகைப்படக்காரனின் வேலை என்பது அவர் கட்சி.

இத்தனை பெரிய படத்துக்கு அன்றைக்கு என்ன மரியாதை கிடைத்தது? அட்டைப்படமாகக் கூட வரவில்லை. இதழின் உள்ளே ஒரு படமாக வந்து போனது. அதே நொடியை ஏறத்தாழ அதே பக்கத்திலிருந்து அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ஜான் ரூனி கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தார். பரிசு அந்தப் படத்துக்குத்தான் போனது. லைஃபரின் படம் மெல்ல மெல்லத்தான் மேலே வந்தது. அலி குத்துச்சண்டைக்காரர் என்பதைத் தாண்டி ஒரு காலத்தின் அடையாளமாக வளர வளர, மக்கள் தேடி எடுத்துக்கொண்ட முகம் அந்தப் படத்தில் இருந்தது. 1999-இல் அதே ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட், நூற்றாண்டின் சிறந்த விளையாட்டுப் படங்கள் என்று சிறப்பிதழ் போட்டபோது அட்டையில் வந்தது இந்தப் படம்தான். 34 வருஷம்! அன்றாட வேலைக்கு அன்றே பலன் தெரிய வேண்டும் என்று பதறுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

லைஃபருக்கே மிகப் பிடித்த படம் இது அல்ல. 1966 நவம்பர் 14, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம். அலியும் கிளீவ்லண்ட் வில்லியம்ஸும். வழக்கமான அரங்குகளில் விளக்குச் சட்டகம் வளையத்துக்குச் சற்று மேலேயே தொங்கும். அங்கே கேமராவைக் கட்டினால் வளையம் முழுதும் அடங்காது. அடக்கினாலும் உருவம் கோணும். ஆஸ்ட்ரோடோமில் அந்தச் சட்டகம் 80 அடி உயரத்தில் இருந்தது. நேர் கீழே பார்த்தபடி ஒரு கேமராவை அங்கே கட்டி, கீழே உட்கார்ந்து இயக்கினார். மூன்றாவது சுற்றில் வில்லியம்ஸ் கைகளை விரித்து மல்லாந்து கிடக்க, அலி கைகளை உயர்த்தியபடி விலகி நடக்கிறார். வெள்ளைச் சதுரத்தில் இரண்டே மனிதர்கள், கோலத்தில் இட்ட புள்ளிகள் போல. அதிர்ஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தப் படத்தை அவர் யோசித்து, திட்டமிட்டு உண்டாக்கினார்.

அந்தப் படத்தின் விளிம்பிலும் புகைப்படக்காரர்கள் தெரிகிறார்கள். அவர்களில் நீலச் சட்டை போட்ட ஒருவர் லைஃபர்! லூயிஸ்டனில் ஷார்ஃப்மன் மாட்டிக்கொண்டதைப் போல, இங்கே அவர் தம் படத்துக்குள் தாமே மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு வித்தியாசம்: இந்தத் தடவை நல்ல இடத்தில் அவருடைய கேமரா முன்பே போய் உட்கார்ந்துவிட்டது.

1978-இல் டைம் பத்திரிகைக்குப் போனபின் விளையாட்டோடு உருவப்படங்களும் அவருக்கு முக்கிய வேலையாயின. சிறைகளைப் பற்றிய ஒரு படக் கட்டுரைக்காகச் சார்ல்ஸ் மேன்சன் என்ற கொடுங்கொலைக் குற்றவாளியையும் எடுத்திருக்கிறார். உருவப்படம் எடுப்பது வேறு வகைச் சோதனை. விளையாட்டில் நொடி தானாக வரும், நாம் காத்திருக்க வேண்டும். உருவப்படத்தில் எதிரே உட்கார்ந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நொடியை நாம்தான் வரவழைக்க வேண்டும். ஒன்றில் பொறுமை, மற்றதில் பேச்சு. இரண்டிலும் கைவந்தவர்கள் சிலர்தான்.

அவருடைய படங்கள் 200-க்கும் மேற்பட்ட அட்டைகளில் வந்திருக்கின்றன. 2014-இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அந்த மரியாதை பெற்ற முதல் புகைப்படக்காரர் அவரே. நாற்காலி தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்த பையனுக்குப் பொன்னான நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

இருந்தாலும் என் மனம் போவது ஷார்ஃப்மனிடம்தான். அவரும் அன்றைக்கு லூயிஸ்டன் வரை பயணம் செய்தார், ஃபிலிம் போட்டார், கண்ணிமைக்காமல் காத்திருந்தார். இருந்தது எதிர்ப்பக்கம், அவ்வளவுதான். நாம் வேலை பார்த்த இடங்களிலும் இப்படி எத்தனை பேர்! திறமையில் குறைவில்லாதவர்கள், உழைப்பில் குறைவில்லாதவர்கள், விழுந்தவன் எதிர்ப்பக்கம் விழுந்துவிட்டான். பதவி உயர்வு கிடைத்த நான் அதை என் கெட்டிக்காரத்தனம் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அக்ஃபா கேமரா எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது. பன்னிரண்டு படங்களும் இன்னும் ஆல்பத்தில் இருக்கின்றன. பேரன் அன்றொரு நாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல முகமது அலி எங்க தாத்தா?" என்று கேட்டான். தீக்குச்சிகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். சரியான குச்சியைத்தான் காட்டினேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.