பிரேதத்தின் அருகே நின்ற அதிகாரி

சீன தேசத்தின் தென்பாகத்தைச் சுங் வம்சத்தார் ஆண்டுவந்த காலத்தில், ஹூனான் மாகாணத்தில் நியாய பரிபாலனத்தை மேற்பார்வையிடும் உயர் அதிகாரியாயிருந்த சுங் ட்ஸூ, துர்மரணங்களை விசாரிக்கச் செல்லும் அதிகாரிகளுக்கென்றே 'சீ யுவான் ஜீ லூ' என்ற நூலை 1247-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிரேத பரிசோதனையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் மிகப் பழமையானவற்றுள் இது ஒன்று.

இந்நூலைப் பற்றிப் பேசுவோர் முதலில் எடுத்துரைப்பது கதிரரிவாள் கதையைத்தான். உடலெங்கும் பத்துக்கு மேற்பட்ட வெட்டுகளோடு வழியோரத்தில் கிடந்த ஒருவனின் உடைமைகள் களவு போகாதிருந்தமையால், இது பகைமையால் நேர்ந்த கொலையே என்று ஊகித்த அதிகாரி, அக்கம்பக்கத்தார் தத்தம் அரிவாள்களைக் கொணருமாறு கட்டளையிட்டு, வந்துசேர்ந்த எழுபது எண்பதையும் தரையில் பரப்பிவைக்க, கோடைக்காலமாகையால் ஈக்கள் பறந்துவந்து ஒன்றின்மேல் மட்டும் மொய்த்தன. அதற்குரியவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சுங் ட்ஸூவே இத்துப்பைத் துலக்கியதாகப் பலர் எழுதிவிட்டனர். நூலிலோ அவ்வதிகாரியின் பெயரே இல்லை.

என் அபிப்பிராயத்தில், இக்கதையினும் மேலானவை அந்நூல் அதிகாரிகளுக்கு விதிக்கும் நிபந்தனைகள். சவத்தைத் தீண்டுவது இழிதொழிலாகக் கருதப்பட்டமையால், கற்றறிந்த அதிகாரிகள் துர்நாற்றத்துக்கு அஞ்சி எட்ட நின்றுகொண்டு, கைக்கூலிக்கு இணங்கும் ஏவலாளர் சொன்னதையே எழுதிக்கொள்வது வழக்கமாயிருந்தது. சுங் ட்ஸூ இதைச் சற்றும் பொறுக்கவில்லை. மூக்கில் எள்ளெண்ணெயைத் தடவி, வாயில் இஞ்சித் துண்டை அடக்கிக்கொண்டாவது அருகே சென்று கண்ணாரக் காண வேண்டும் என்பது அவர் விதி. சவத்தை நீரால் கழுவி, மதுக்கசடும் காடியும் இட்டுப் போர்த்திவைத்தால், மறைந்திருந்த கன்றல்கள் தோலின்மேல் தெரியவரும். அவ்வாறு தெரிந்த காயம் ஒவ்வொன்றையும் கூடியிருப்போர் செவியில் விழும்படி உரக்கக் கூவச் செய்ய வேண்டும். மனித உருவின் முன்புறமும் பின்புறமும் வரைந்த படிவங்களில் காயங்களைச் சிவப்பு மையால் குறிக்கும் முறையும் 1211-லேயே நாடெங்கும் விரிக்கப்பட்டிருந்தது. பலர் முன்னிலையில் கூவிய காயத்தைப் பிறகு ஏட்டில் மாற்றி எழுதுவது எளிதன்று அல்லவா?

உயிரோடு எரிந்தவனின் வாயிலும் மூக்கிலும் சாம்பல் இருக்கும், கொன்றபின் கொளுத்தப்பட்டவனின் வாயில் இராது என்று கூறுமிடத்தில் அவருடைய கூர்மை புலப்படுகிறது. ஆயினும், ஆண்டின் நாட்களுக்கேற்ப மனித உடலில் 365 எலும்புகள் உண்டென்ற பழைய கொள்கையும் அதே நூலில் இடம்பெற்றுவிட்டது. பிரேதத்தைப் புறத்தே ஆராய்ந்தார்களேயன்றி, அறுத்து உள்ளே பார்க்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

பின்வந்த சிங் வம்சத்து அரசாங்கம் 1694-ல் இந்நூலைத் திருத்தி, நாடு முழுமைக்கும் உரிய அதிகாரபூர்வமான பதிப்பாக வெளியிட்டது. பிரேதத்தை அறுத்துப் பரிசோதிக்க இடங்கொடுக்கும் விதிகள் சீனாவில் பிறந்ததோ, முடியாட்சி ஒழிந்த பிறகு, 1913-ல்தான்.