மறுத்த இடமே மாலை சூட்டிற்று!

டாக்டர் பட்டம் என்பது என்ன? பெயருக்கு முன்னே ஒட்டிக்கொள்ளும் அணிகலனா? அன்று. எவரும் அதுவரை நிறுவாத ஓர் உண்மையைச் சான்றுகாட்டி நிறுவியவனுக்கு அறிவுலகம் வழங்கும் ஒப்புதல் அது. அதைப் பெற அறிவும் உழைப்பும் போதுமே என்போம். போதாது, தோலின் நிறத்தையும் காட்டு என்றது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கா! அந்த நாட்டிலே சமூகவியலுக்கு அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவர், டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ். பட்டத்துக்காகவும் உண்மைக்காகவும் அவர் நடத்திய போராட்டம், பகுத்தறிவை நாடும் இளைஞர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய வரலாறாகும்.

1868-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது ஆண்டு மூன்றுகூட நிறையவில்லை. விலங்கு ஒடிந்தது, வெறுப்பு ஒடியவில்லை. கறுப்பின மக்களுக்கான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் 1888-ல் பட்டம் பெற்று ஹார்வர்டுக்குச் சென்றார். அந்தப் பட்டத்தை முழுமையாக ஏற்காத ஹார்வர்டு, மீண்டும் பி.ஏ. வகுப்பில் உட்காரச் சொன்னது. உட்கார்ந்தார். 1890-ல் பி.ஏ., 1891-ல் எம்.ஏ. என வென்று எழுந்தார்.

கறுப்பின மக்களின் கல்விக்கென ஸ்லேட்டர் நிதி என்றோர் அறக்கட்டளை இருந்தது. அதன் தலைவர், முன்னாள் குடியரசுத் தலைவர் ரூதர்போர்டு ஹேய்ஸ். ஐரோப்பாவுக்கு அனுப்பத் தக்க கறுப்பு இளைஞன் எவனும் கிடைக்கவில்லை என்ற பொருள்பட அவர் பேசியதாக 1890-ல் ஏட்டில் செய்தி வந்தது. ‘இதோ இருக்கிறேன்’ என்று விண்ணப்பம் போட்டார் டு பாய்ஸ். மறுத்தனர். விட்டாரா? தகுதியானவன் இல்லை என ஊரறியப் பேசிவிட்டுத் தகுதியோடு வந்தவனைத் திருப்பி அனுப்புவது ஓர் இனத்துக்கே இழைக்கும் தீங்கு எனச் சீறி எழுதினார். 1892-ல் 750 டாலர் வந்தது. பாதி நன்கொடை, பாதி கடன்!

பெர்லின் சென்றார். அங்கே குஸ்டாவ் ஷ்மோலரும் அடால்ஃப் வாக்னரும் ஆசான்களாயினர். முதலில் உண்மைகளைத் திரட்டு, கோட்பாடு பிறகு வரட்டும் என்பது ஷ்மோலரின் நெறி. அமெரிக்கத் தென்மாநில வேளாண்மை பற்றி ஆய்வுரை எழுதி முடித்தார் மாணவர். ஆசானின் ஆதரவும் இருந்தது. குறுக்கே நின்றது விதி: தேர்வெழுத, பல்கலைக்கழகத்தில் மேலும் சில காலம் பயின்றாக வேண்டும். பணம் தந்தால் இருக்கலாம். ஸ்லேட்டர் நிதியோ கையை விரித்தது. 1894-ல் பட்டமின்றிக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே, அடிமை வாணிபத்தை ஒடுக்கிய வரலாறு பற்றிய ஆய்வுக்கு ஹார்வர்டு டாக்டர் பட்டம் அளித்தது. அங்கே அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவரே!

பட்டம் கிடைத்தது, பதவி கிடைத்ததா? 1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. பேராசிரியராக அன்று, ‘சமூகவியல் உதவியாளர்’ என்ற பெயரில், 900 டாலர் சம்பளத்தில்! பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டத்தில் குடியேறினார். வீடு வீடாகப் படியேறினார். ஏறத்தாழ 2,500 குடும்பங்களிடம் தொழில், வருவாய், கல்வி, நோய், வாடகை எனக் கேட்டுக் கேட்டுக் குறித்தார். 1899-ல் ‘பிலடெல்பியா நீக்ரோ’ என்ற நூல் வெளிவந்தது. குற்றத்துக்கும் வறுமைக்கும் காரணம் இரத்தமா? இல்லை! அடிமைத்தனம் விட்டுச்சென்ற வடு, கதவடைத்த தொழிற்சாலை, குடியிருப்பில் காட்டிய பாகுபாடு, இவையே காரணம் எனக் கணக்கெடுத்துக் காட்டிற்று அந்நூல். பிறவி இழிவு என்ற பேய்க்கதை புள்ளிவிவரத்தின் முன் பொசுங்கிற்று!

உண்மையை உரைத்துவிட்டால் உலகம் திருந்திவிடும் என்றே அவர் அந்நாள்வரை நம்பியிருந்தார். அதே 1899-ல் அட்லாண்டாவில் பேராசிரியராக இருந்தபோது, ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்புத் தொழிலாளியை வெறிக்கூட்டம் உயிரோடு கொளுத்தியது. அவனுடைய விரல் கணுக்கள் கடையொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன எனக் கேள்வியுற்ற டு பாய்ஸ், ஏட்டாசிரியரைக் காணச் சென்ற வழியிலேயே திரும்பிவிட்டார். மனிதர் கொளுத்தப்படும் நாட்டில் அமைதியாக அமர்ந்து அட்டவணை போடுவது மட்டும் போதுமா? இந்தக் கேள்வி அவரை உலுக்கிற்று. ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை, அத்துடன் போராட்டத்தையும் இணைத்தார். 1909-ல் கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கம் உருவாகத் துணைநின்றார். 1910-ல் ‘கிரைசிஸ்’ ஏட்டைத் தொடங்கினார். 1946-ல் இந்நாட்டு அம்பேத்கர், ஒடுக்கப்பட்டோர் சிக்கலை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுசெல்வது குறித்துக் கடிதம் எழுதியது இந்த டு பாய்சுக்குத்தான். நிறவெறிக்கும் சாதிவெறிக்கும் உள்ள உறவை, இரண்டையும் ஆராய்ந்தவர்களல்லவா அறிவார்கள்!

1958-ல், வெறுங்கையோடு அவரை அனுப்பிய அதே பெர்லின் பல்கலைக்கழகம், அவருடைய 90-ஆம் வயதில் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிற்று. 64 ஆண்டுகள் பிந்திய மாலை! 1963-ல் கானா நாட்டின் அக்ராவில் மறைந்தார். உதவியாளராக வைத்திருந்த பென்சில்வேனியா, அவரை மதிப்புறு பேராசிரியராக அறிவித்தது 2012-ல்!

தோழர்களே, சமூகவியல் கற்கப் புகும் இளைஞன் இதிலே கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. பட்டம் பிந்தலாம், பதவி மறுக்கப்படலாம். ஏழாம் வட்டத்தின் படிகளை ஏறி எடுத்த கணக்கை மறுக்க எவராலும் இயலவில்லை. ‘தலையெழுத்து’ என்று எவரேனும் கூறும்போது, வாடகை எவ்வளவு, கூலி எவ்வளவு, பள்ளி எங்கே என்று கேளுங்கள், விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்ததைக் கொண்டு போராடுங்கள்!