பக்தாதின் ஃபகீஹும் அவர் நேசித்த தோழரும்

நம் முன்னோரின் சரித நூல்களைப் புரட்டுவோர் அவ்வப்போது சில பக்கங்களில் தயங்கி நிற்பதுண்டு. மார்க்க அறிவில் மலையென உயர்ந்த ஒருவர் தம் ஆண் தோழர் ஒருவர்மீது கொண்ட ஆழ்ந்த நேசத்தை, நூலாசிரியர் எவ்விதச் சங்கடமுமின்றி எழுதிச் செல்வார். இன்றைய வாசகருக்கோ அதை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பது தெரிவதில்லை. இத்தகைய வரலாறுகளுள் மிகவும் புகழ்பெற்றது ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு தாவூத் (ரஹ்) அவர்களுடையது. ஆணுக்கு ஆண் கொண்ட அன்பு அன்றைய சமூகத்தில் என்ன பொருள் பெற்றிருந்தது என்பதை அறிய அவர் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

ழாஹிரீ மத்ஹபின் நிறுவனரான இமாம் தாவூத் இப்னு அலீ (ரஹ்) அவர்களின் மகனே இவர். தந்தையார் ஹிஜ்ரி 270இல் (கி.பி. 884) காலமானபோது மகனுக்கு வயது ஏறத்தாழ 16. அந்த இளம் வயதிலேயே தந்தையின் போதனைப் பீடத்தில் அமர்ந்தார். இச்சிறுவரால் என்ன கூற இயலும் என ஐயுற்றோர், போதையின் வரையறை யாதெனக் கேட்டுவர ஆளனுப்பினர். கவலைகள் அகன்று, உள்ளத்து இரகசியம் வெளிப்பட்டுவிடும் நிலையே போதை என்ற கருத்தில் அவர் விடையளித்தார். அவருடைய தகுதியை அவ்விடையிலேயே மக்கள் கண்டுகொண்டனர். பின்னாளில் ஃபிக்ஹிலும் இலக்கியத்திலும் ஒருசேரத் துலங்கினார். ஹிஜ்ரி 297இல், 42 வயதளவில் மறைந்தார்.

அவரது பெயரை நிலைநிறுத்திய நூல் ‘கிதாபுஸ் ஸஹ்ரா’. 100 அத்தியாயங்கள் கொண்ட கவிதைத் திரட்டு அது. அவற்றுள் முதல் 50 அத்தியாயங்கள் காதலையும் அதன் நிலைகளையும் பற்றியவை. பார்வையில் தொடங்கும் நேசம், பிரிவு, தூதனுப்புதல், நினைவில் உருகுதல் என அது படிப்படியாக விரிகிறது. நயத்தக்க நாகரிகம் உடையவன் கற்பொழுக்கம் உடையவனாகவும் இருத்தல் வேண்டும் என்பதை ஓர் அத்தியாயத்தின் பொருளாகவே அவர் அமைத்தார். தாம் இயற்றிய கவிதைகளைச் சேர்க்கும்போது தம் பெயரைச் சொல்லாமல், இக்காலத்தவர் ஒருவர் பாடியவை என்றே குறித்தார். இந்நூலின் முதற்பகுதி 1932இலும் பிற்பகுதி 1975இலும் அச்சேறின.

அவர் நேசித்த தோழர் இப்னு ஜாமிஃ என்பார். இருவரின் உறவைப் பற்றிய செய்திகளை நமக்குப் பாதுகாத்துத் தந்தவர், ஹதீஸ் துறையின் பெரும் திறனாய்வாளரான கத்தீப் அல்-பக்தாதீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 463) ஆவார். தமது ‘தாரீக் பக்தாத்’ நூலில் அவர் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி ஒன்று: இப்னு ஜாமிஃ ஒருநாள் ஹம்மாமிலிருந்து வெளிவந்து கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்தார். உடனே அதை மூடிக்கொண்டு இப்னு தாவூதிடம் சென்றார். அவருக்கு முன் வேறெவரும் இம்முகத்தைக் காண்பதைத் தாம் விரும்பவில்லை என்றார். அதைக் கேட்ட இப்னு தாவூத் மயங்கி விழுந்தார். இப்னு ஜாமிஃ தம் பொருளை இப்னு தாவூதுக்காகச் செலவிட்டு வந்தார் என்றும், நேசிக்கப்பட்டவர் நேசிப்பவருக்குச் செலவிட்டது இவரைத் தவிர வேறெவரிடமும் அறியப்படவில்லை என்றும் அந்நூல் கூறுகிறது. இது ஒருதலை நேசமன்று என்பதையும், ஊரறிந்த செய்தி என்பதையும் இக்குறிப்பு உணர்த்துகிறது.

இறுதி நோயின்போது இலக்கண அறிஞர் நிஃப்தவைஹி (மறைவு ஹிஜ்ரி 323) அவரைக் காணச் சென்றார். என்ன நேர்ந்தது என வினவியபோது, நீர் அறிந்த அவரது நேசமே என்னை இந்நிலைக்கு ஆளாக்கியது என்னும் கருத்தில் இப்னு தாவூத் விடை பகர்ந்தார். பெயரைச் சொல்லும் தேவையே எழவில்லை. வாய்ப்பிருந்தும் ஏன் விலகியிருந்தீர் என்று நிஃப்தவைஹி கேட்டார். இன்பம் இரு வகைப்படும் என்றார் இப்னு தாவூத்: ஒன்று தாம் ஆகுமெனக் கருதிய பார்வை, மற்றொன்று விலக்கப்பட்ட இச்சை. பார்வையே தம்மை இந்நிலைக்குக் கொணர்ந்தது. இரண்டாவதிலிருந்து தம்மைத் தடுத்தது, தந்தையார் அறிவித்த ஒரு ஹதீஸ். நேசம் கொண்டு, கற்பொழுக்கம் பேணி, அதை மறைத்து, அந்நிலையில் இறப்பவர் ஷஹீத் ஆவார் என்பது அதன் கருத்து.

அந்த ஹதீஸ் மறைத்தலை ஒரு நிபந்தனையாக வைக்கிறது. இப்னு தாவூதின் நேசமோ பக்தாத் முழுவதும் அறிந்த ஒன்று. இருந்தும் அவரது அவையில் மாணவர் குறையவில்லை; அவர் ஃபத்வாக்களின் மதிப்பும் தாழவில்லை. அவருடன் விவாதம் புரிந்துவந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னு ஸுரைஜ் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 306) ஒருமுறை, ஃபிக்ஹைவிட ‘ஸஹ்ரா’வில்தான் நீர் வல்லவர் என்று சீண்டினார். இந்நூலைக் கொண்டா என்னைக் குறை கூறுகிறீர் எனக் கேட்டு, தம் ஒழுக்கத்திற்குச் சான்று பகரும் கவிதையை இப்னு தாவூத் பாடினார். அவர் இறந்த செய்தி வந்தபோது அதே இப்னு ஸுரைஜ் தம் விரிப்புகளையும் தலையணைகளையும் அகற்றிவிட்டுத் துக்கம் காத்தார். முஹம்மத் இப்னு தாவூதின் நாவைத் தின்ற மண்ணை நினைத்தே வருந்துகிறேன் என்ற கருத்தில் அவர் இரங்கியதாக வரலாறு கூறும்.

பிற்கால அறிஞர் யாவரும் இதை இசைவுடன் ஏற்றனர் எனக் கருதுவது தவறாகும். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 597) ‘தம்முல் ஹவா’ நூலில் பார்வையின் ஆபத்தைக் கடுமையாக எச்சரித்தார். இப்னுல் கையிம் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 751) மேற்படி ஹதீஸை நபி (ஸல்) அவர்களின் சொல்லன்று எனத் திட்டவட்டமாக மறுத்தார். அதன் அறிவிப்பாளர் வரிசையில் இடம்பெறும் ஸுவைத் இப்னு ஸயீத் மீது யஹ்யா இப்னு மயீன் (ரஹ்) கடுஞ்சினம் கொண்டிருந்ததும் ஹதீஸ் கலை பயின்றோர் அறிந்ததே. மறுபுறம், ஹதீஸ் அறிஞர் முகல்தாய் (மறைவு ஹிஜ்ரி 762) காதலால் உயிர்நீத்தோரின் வரலாற்றைத் தனிநூலாகவே தொகுத்தார். ஆக, மாற்றுக் கருத்துடையோர் எதிர்நூலும் மறுப்பும் எழுதினர். இப்னு தாவூதின் வரலாறு ஏடுகளில் தொடர்ந்து நிலைத்தது.

இந்நிலைக்கு அடிப்படையாக அமைந்தது ஃபிக்ஹு வகுத்த வேறுபாடு. விலக்கப்பட்ட செயல் குறித்து மத்ஹபுகள் தண்டனையின் வகையில் கருத்து வேறுபட்டன. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அது ஹத்து அன்று, தஃஸீரே. விலக்கப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் உள்ளத்தில் தானாக எழும் சாய்வுக்கு, அது செயலாகாத வரை, குற்றம் பிடிப்பதில்லை என்பது ஹதீஸின் வழியே நிலைபெற்ற கோட்பாடு. இவ்விரண்டிற்கும் இடையே பரந்த வெளி ஒன்று இருந்தது. நட்பும் கவிதையும் கண்ணீரும் தன்னடக்கமும் அவ்வெளியில் இடம்பெற்றன. பக்தாத் மக்கள் அதனை ‘ழர்ஃப்’ எனும் நாகரிகப் பண்பாகப் போற்றினர். அல்-வஷ்ஷா (மறைவு ஹிஜ்ரி 325) என்பார் அப்பண்பின் விதிகளைத் தொகுத்து ஒரு நூலே யாத்தார்.

இவ்வெளி சுருங்கிய காலத்தை ஓரளவு சுட்ட இயலும். எகிப்திலிருந்து 1826இல் பாரிஸ் சென்ற மாணவர் குழுவின் இமாமான ரிஃபாஆ அத்தஹ்தாவீ, 1831 வரை அங்குத் தங்கினார். 1834இல் வெளியான அவரது பயண நூலில் ஒரு குறிப்பு உண்டு. ஓர் ஆண் மற்றோர் இளைஞனைக் காதலித்ததாகக் கூறுவதைப் பிரெஞ்சு மொழி ஏற்காது என்றும், அரபு நூல்களைப் பெயர்க்கும்போது அவர்கள் ஆண்பாலைப் பெண்பாலாக மாற்றிவிடுகின்றனர் என்றும் பாராட்டும் தொனியில் அவர் எழுதினார். அஸ்ஹரில் பயின்ற ஓர் ஆலிம், தம் இலக்கியத்தின் நெடிய மரபைப் பிறர் கண்கொண்டு நோக்கத் தொடங்கியதை இவ்வரிகளில் காண்கிறோம்.

கி.பி. 1500 முதல் 1800 வரையிலான அரபு நிலங்களை ஆராய்ந்து காலித் அல்-ருவைஹிப் 2005இல் வெளியிட்ட நூல் இதனை மேலும் தெளிவாக்குகிறது. விலக்கப்பட்ட செயலுக்கு ஒரு சொல், அழகின்மீது கொள்ளும் நேசத்திற்கு வேறொரு சொல் என அச்சமூகம் பிரித்தே வழங்கியது. இரண்டையும் ஒன்றாக்கி, ஒரு மனிதனின் இயல்புக்கே பெயராகச் சூட்டும் சொல் அவர்களிடம் இல்லை. அச்சொல் பிற்காலத்தது. அதைக் கையிலேந்தி இன்று இரு சாரார் இப்னு தாவூதை அணுகுகின்றனர். ஒரு சாரார் அவர் பக்கத்தைக் கிழித்தெறிய விழைகின்றனர். மறு சாரார் அவரைத் தம் காலத்து அடையாளத்திற்குள் அடக்கப் பார்க்கின்றனர். கத்தீப் அல்-பக்தாதீ இவ்விரண்டையும் செய்யவில்லை. கேட்டதைக் கேட்டவாறே, அறிவிப்பாளர் வரிசையுடன் எழுதி வைத்தார்.

இது பழைய ஏடுகளோடு முடிந்துபோகும் செய்தியன்று. தோழனிடம் உன்னை நேசிக்கிறேன் என்று சொல்ல நம் ஆடவர் கூசுகின்றனர். ஒருவர் தம் சகோதரரை நேசித்தால் அதனை அவரிடம் தெரிவிக்குமாறு நபிமொழி பணித்திருந்தும் இந்நிலை. தன் உள்ளத்தில் எழுந்த நேசம் எத்தகையது எனப் புரியாமல் தவிக்கும் இளைஞன், ஒரு ஆலிமிடம் வாய்திறக்க அஞ்சுகிறான். கேட்டால் ஏச்சே விடையாகக் கிடைக்கும் என அவன் எண்ணுகிறான். அவ்வெண்ணம் முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. இப்னு தாவூதுக்கோ, கடைசி வேளையில் அருகமர்ந்து, முகஞ்சுளிக்காமல் கேட்ட ஒரு நிஃப்தவைஹி இருந்தார். ஹலாலையும் ஹராமையும் பிரித்துச் சொல்லும் தெளிவும், துன்புற்ற உள்ளத்தைக் கேட்கும் பொறுமையும் அன்றைய அறிஞரிடம் ஒருங்கே இருந்தன. முதலாவதை நாம் இன்றும் கற்பிக்கிறோம். இரண்டாவதைக் கற்பிக்கும் பாடம் நம் பாடத்திட்டங்களில் இல்லை. பழைய தாரீக் நூல்களில்தான் இருக்கிறது.