புள்ளிகளுக்கிடையே ஓடிய கோடு

முதல் உலக யுத்தம் ஓய்ந்த சில வருஷங்களுக்குள் அமெரிக்காவில் விளைபொருள்களின் விலை தலைகுப்புற வீழ்ந்து, கடன் வாங்கி நிலத்தை விஸ்தரித்திருந்த குடியானவர்கள் வட்டி கட்டவும் வகையின்றித் தவித்த காலத்தில், அடுத்த அறுவடை என்ன விலைக்குப் போகும் என்பது பண்டிதர்களின் ஆராய்ச்சிப் பொருளாக மட்டும் இராமல் ஜீவனப் பிரச்னையாகவே ஆகிவிட்டது. வாஷிங்டனில் விவசாயப் பொருளாதார ஆய்வகம் தோன்றியது அந்த நாட்களில்தான், வருஷம் 1922.

விலையை ஆட்டி வைக்கும் காரணங்கள் பல. அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அவற்றைத் தனித்தனியே பிரித்தறிய, அளவைகள் சேர்ந்து மாறும் விதத்தை அளக்கும் ஒட்டுறவுக் கணிதம் உதவியதாயினும், அது பெரும்பாலும் நேர்கோட்டையே அனுமானித்தது. வளைகோடுகளுக்கு 1924-இல் அந்த ஆய்வகத்துப் பொருளாதார அறிஞர் மார்டெகாய் எசக்கியேல் வழி கண்டார். ஆனால் அவ்வழியில் கணக்கிடும் சிரமம் அபாரம். அதைக் குறைக்கவே அவருடைய சகாவான லூயி பீன் 1929-இல் தமது சுலப முறையை வெளியிட்டார்.

அம்முறைப்படி, விளைச்சலாலும் மக்களின் வருமானத்தாலும் மாறும் உருளைக்கிழங்கின் விலையைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். விளைச்சலைக் கிடையாகவும் விலையைச் செங்குத்தாகவும் கொண்டு புள்ளியிட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் அதன் வருஷத்தை எழுத வேண்டும். மக்களின் வருமானம் ஏறக்குறைய ஒன்றாயிருந்த வருஷங்களின் புள்ளிகளை இணைத்தால் தெரியும் சரிவையொட்டிக் கையாலேயே ஒரு வளைகோடு வரைந்து, அக்கோட்டிலிருந்து புள்ளிகள் விலகிய தூரத்தை இரண்டாம் தாளில் வருமானத்துக்கு எதிரே குறித்து, அங்கும் ஒரு கோடு வரைந்து, அதிலும் எஞ்சிய விலகலை முதல் கோட்டுக்கே கொண்டு வந்து திருத்த வேண்டும். திருத்த ஏதுமில்லாமல் போகும் வரையில் இதையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் முறை. வருஷத்தை எழுதி வைப்பதே இதன் உயிர் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் கோட்டை விட்டு எட்டி நிற்கும் ஒரு வருஷம், அப்போது நடந்ததென்ன என்று நம்மைக் கேட்காமல் விடாது.

காரணங்கள் தமக்குள்ளேயே நெருங்கிய சம்பந்தம் உடையனவாயிருந்தால் கண் ஏமாந்துபோகும் என்றும், ஒரே புள்ளிவிவரத்திலிருந்து இருவர் இரண்டு கோடுகள் வரையக்கூடும் என்றும் பொருளாதார அறிஞர்களான மாலன்பாமும் பிளாக்கும் 1937-இல் ஆட்சேபித்தனர். பீனும் எசக்கியேலும் பதில் எழுதினர். ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் பயிரையும் சந்தையையும் அறிந்தவன் கையில் இம்முறை வீண்போகவில்லை. கம்ப்யூட்டர் வந்தபின் இதன் அவசியம் குறைந்துவிட்டது. என்றாலும், புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவரை ஒரு தடவையேனும் வரைபடத் தாளும் பென்சிலுமாக உட்கார்த்தி, இதைக் கையால் செய்யப் பழக்க வேண்டும்.