குதிரையின் குருதியை அளந்த பாதிரியார்

இன்று நம் புயத்தில் பட்டையைச் சுற்றி நொடிப்பொழுதில் இரத்த அழுத்தம் அறிகிறோம். இவ்வறிவின் தொடக்கக் காலத்தில் ஒரு குதிரை உயிர் நீத்த வரலாறு நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

இதயமே குருதியைச் சுற்றிவரச் செலுத்துகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-இல் நிறுவினார். எவ்வளவு விசையோடு செலுத்துகிறது? அதனை அளக்க முற்பட்டவர், இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரின் பாதிரியாராகிய ஸ்டீபன் ஹேல்ஸ். ஏறத்தாழ 14 வயதான பெட்டைக் குதிரையொன்றைக் கட்டிக் கிடத்தினார். தொடைத் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். குருதி 8 அடி 3 அங்குல உயரம் ஏறி, இதயத் துடிப்புக்கேற்ப எழுந்தும் தாழ்ந்தும் நின்றது. பின்னர்ச் சிறிது சிறிதாகக் குருதியை வடித்து அளந்தார், குதிரை மாண்டது. இம்முடிவுகள் 1733-இல் நூலாக வெளிவந்தன.

மற்றொன்றையும் அவர் குறித்துவைத்தார். நலமாக, அச்சமின்றி இருக்கும் குதிரைக்கு நாடித் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 36. இக்குதிரைக்கோ 55, சில வேளைகளில் 100 வரை. வலியும் அச்சமும் நரம்புகளின் வழியே இதயத்தை விரைவுபடுத்துகின்றன என்பதை இன்று அறிவோம். ஓடிப் பிழைக்கும் விலங்குக்கு இயற்கை அளித்த காவல் அது. கட்டுண்டு கிடந்ததற்கு ஓட வழி ஏது?

அண்டையூரில் வாழ்ந்த கவிஞர் அலெக்சாண்டர் போப், ஹேல்ஸை நன்கு மதித்தவர். எனினும் உயிருள்ள விலங்குகள் மீது அவர் செய்த சோதனைகளைக் கண்டித்தார். 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி புயப்பட்டைக் கருவியை அமைத்தார்; தமனியை அறுக்காமலே அழுத்தம் அறிவது எளிதாயிற்று. ஹேல்ஸின் அறிவாற்றலைப் போற்றும் நாம், போப்பின் இரக்கத்தையும் மறத்தலாகாது.