துறையை அளந்த கடலோடி

மரைன் ஹில் மேட்டில் மாலை வேளையில் நின்று கடலை நோக்கும் தமிழன்பர் பலர்க்கும் பிறந்த ஊர் நினைவில் எழும். தம்மையோ தம் பெற்றோரையோ இங்குக் கொண்டுவந்து சேர்த்த கப்பலும் நினைவில் எழும். கோப்புகளோடு நாளைக் கழிக்கும் எனக்கோ, 'மரைன்' என்ற சொல்லே வேறொருவரை நினைவூட்டும். கும்பினியாரின் 'பம்பாய் மரைன்' கடற்படையில் லெப்டினன்டாக விளங்கிய ஆர்ச்சிபால்ட் பிளேர் அவர்.

1771இல் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்த பிளேர், 1780இல் பிரெஞ்சுப் போர்க்கப்பலொன்றிடம் சிறைப்பட்டு 1784 வரை கைதியாயிருந்தார். மீண்டு வந்தபின் அவர் கடலை வெறுத்தாரல்லர். அதனை அளக்கும் பணியில் இறங்கினார். 1788 டிசம்பரில் எலிசபெத், வைப்பர் என்னும் இரு கலங்களுடன் கல்கத்தாவிலிருந்து அந்தமானுக்குப் புறப்பட்டார். அந்த வைப்பர் கலத்தின் பெயரால்தான் நம் வைப்பர் தீவு வழங்குகிறது.

கடலை அளப்பது எங்ஙனம்? ஈயக் குண்டொன்றைக் கயிற்றில் கட்டி இறக்குவர். குண்டின் அடிக்குழியில் கொழுப்பை அப்பியிருப்பர். அதில் ஒட்டிவரும் மணலோ சேறோ பவளத் துணுக்கோ, அங்கு நங்கூரம் நிற்குமா என்பதைக் காட்டிவிடும். ஆழத்தை ஆறடி கொண்ட 'ஃபாதம்' கணக்கில் குறித்தனர். நம் கடற்கரை மக்கள் இரு கைகளையும் விரித்து அளக்கும் 'பாகம்' ஏறத்தாழ அதுவே. இவ்வாறு அளந்தளந்து, தென் அந்தமானின் கீழ்க்கரையில் காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாத இத்துறையைத் தேர்ந்தார் பிளேர். 1789 ஜூனில் தம் அறிக்கையைக் கல்கத்தாவில் அளித்தார். செப்டம்பரில் சாத்தம் தீவில் காடு திருத்திக் குடியிருப்பு அமைத்தார். இடத்துக்குக் கார்ன்வாலிஸ் துறை என்று பெயரிட்டார்.

குடியிருப்பு தழைத்துவரும் வேளையில் மேலிடத்தின் கருத்து மாறியது. பெருங்கடற்படைத் தளத்துக்கு வடக்கு அந்தமானின் துறையே ஏற்றதெனக் கருதி, 1792இல் குடியிருப்பைப் பெயரோடு அங்கு மாற்றினர். 1793 முதல் பொறியாளர் அலெக்சாண்டர் கிட் அதனை நிர்வகித்தார். ஆயினும் நோயும் சாவும் மிகுந்தன. 1796இல் அவ்விடம் கைவிடப்பட்டது. பிளேரின் பழைய துறையையோ மீண்டும் காடு மூடிற்று.

1815இல் பிளேர் மறைந்தார். 1857 புரட்சிக்குப் பின், கைதிகளைக் குடியேற்ற இடம் தேடி டாக்டர் மௌவாட் தலைமையில் ஒரு குழு வந்தது. தீவுகளைச் சுற்றி ஆராய்ந்த அக்குழு, பிளேர் தேர்ந்த பழைய துறையையே தகுந்ததென்றது. அவர் பெயரையும் அதற்குச் சூட்டியது. அவருடைய தேர்வு சரியென்று அறுபதாண்டுகள் கழித்தே உறுதியாயிற்று. 1858 மார்ச் 10 அன்று 200 கைதிகள் இங்கு வந்திறங்கினர். சிறையின் துயரை அறிந்த ஒருவர் கண்ட துறை, சிறைத் துறையாகவே உலகறிந்தது. இம்மண்ணின் முன்னோரான தீவுக்குடிகளுக்கும் அதனால் அழிவே நேர்ந்தது. கருவியைச் செய்தவன் ஒருவன், கையாள்பவன் வேறொருவன் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

2024 செப்டம்பரில் நகரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என மாறியது. இராசேந்திர சோழன் 1025இல் படையெடுத்த ஸ்ரீவிசயத்தையும், அவன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் எனப்படும் நிக்கோபாரையும் அறிந்த தமிழர்க்கு இப்பெயர் புதிதன்று. பிளேருக்கும் முன்னரே இக்கடலில் பாய் விரித்தவர்கள் நம் முன்னோர். அப்பெருமையைப் பேசும் நாம், ஈயக்குண்டும் கயிறுமாக அலைந்த ஒருவரின் உழைப்பையும் மறத்தலாகாது. அடுத்த முறை பிள்ளைகளோடு வைப்பர் தீவுக்குப் படகேறும்போது, அப்பெயர் வந்த கதையையும், அக்கதைக்குப் பின் வந்த கைதிகளின் கதையையும் சேர்த்தே அவர்களுக்குச் சொல்லுங்கள்.