இலையுதிர் காலமும் முதியோர் கைத்திறனும்



பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களுக்குள் நடந்தால் காலடியில் சருகுகள் சலசலக்கும். மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறி, இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பார்க்க அழகான காட்சிதான். ஆனால் நம் பெற்றோருக்கு அந்த அழகு மகிழ்ச்சி தந்ததில்லை. இலை உதிர்ந்து மீண்டும் தளிர்க்கும் வாரங்களில் பால் குறையும். எடைக்குக் கூலி வாங்குகிறவர்களுக்குப் பால் குறைந்தால் பணமும் குறையும். ஆகவே இலையுதிர் காலம் நம் வீடுகளில் அரிசிப் பானையை எட்டிப் பார்க்கும் காலமாகவே இருந்தது.

குளிர் நாடுகளில் இந்தப் பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரை நீடிக்கும். அறுவடை முடிந்து தானியம் வீடு வந்து சேர்ந்திருக்கும். அங்குள்ள முதியோர் இல்லங்களில் அப்போது பெரியவர்களை ஒன்றாக அமர்த்தி, உதிர்ந்த இலைகளைத் தாளில் ஒட்டவும், பறங்கிக்காயில் முகம் வரையவும் செய்கிறார்கள். ஹாலோவீன் என்ற திருநாளுக்காக இந்த ஏற்பாடு. அது என்ன திருநாள்? நம் தோட்டத்துத் தாத்தா பாட்டிகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இதை இன்று நாம் சிந்திப்போம்.

ஹாலோவீன் அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் கொண்டாடப்படுவது. அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் அந்த இரவில் இறந்தவர்களின் ஆவிகள் உலவும் என்று அயர்லாந்து மக்கள் பண்டைக் காலத்தில் நம்பினார்கள். பிற்காலத்தில் அவர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வைத்தார்கள். 1845ஆம் ஆண்டில் அந்நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த அமெரிக்காவில் பறங்கிக்காய் பெரிதாகவும் ஏராளமாகவும் விளைந்தது; குடைவதற்கும் எளிதாக இருந்தது. கிழங்கு போய்க் காய் வந்தது. செதுக்கும் கையும், ஏற்றும் விளக்கும் மாறவில்லை.

இதைக் கேட்கும்போது நமக்கு நம்முடைய கதையே நினைவுக்கு வருகிறது அல்லவா?

ரப்பர் மரமும் கடல் கடந்து வந்ததுதான். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து அதன் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1896இல் டான் சாய் யான் என்ற சீன வணிகர் மலாக்காவில் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். தோட்டங்கள் பெருகின, ஆள் தேவைப்பட்டது. கங்காணிமார் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்று உற்றார் உறவினரை அழைத்து வந்தார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. 1938இல் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. அதன்பின் ஊரிலிருந்து புது ஆட்கள் வருவது அருகியது. ஊர் வழக்கங்களைக் காக்கும் பொறுப்பு, இங்கே இருந்தவர்களின் கைகளிலேயே விழுந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஊரில் பனையோலையில் கிலுகிலுப்பையும் பெட்டியும் முடைந்தவர்களுக்கு இங்கே பனை அரிதாக இருந்தது. தென்னை எங்கும் இருந்தது. கோயில் திருவிழாவுக்குத் தென்னங்குருத்தில் தோரணம் கட்டினார்கள். பேரனுக்கு ஓலையில் கிளியும் பாம்பும் ஊதலும் செய்து கொடுத்தார்கள். பல்லாங்குழி ஆடப் புளியங்கொட்டை இல்லையென்றால் ரப்பர்க் கொட்டை போதும். அதே குடும்பத்து ஆட்டமான சொங்காக்கை மலாய்க்காரர்களும் ஆடுகிறார்கள். அயர்லாந்துக்காரருக்குப் பறங்கிக்காய் எப்படியோ, நமக்குத் தென்னங்குருத்து அப்படி.

இறந்தவர்களை நினைக்கும் பருவமும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. புரட்டாசியில் மகாளய அமாவாசை வருகிறது. தீபாவளிக்கு முன்னால் மறைந்த பெரியவர்களுக்குப் படையல் போடுவது இந்நாட்டில் பல குடும்பங்களின் வழக்கம். கிறிஸ்தவக் குடும்பங்கள் நவம்பர் 2இல் கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றுகின்றன. கார்த்திகையில் வாசலெங்கும் அகல் எரிகிறது. பூசணிக்காயில் முகம் வரைவதும் நமக்குப் புதிதன்று. புது வீட்டின் முன்னே திருஷ்டிப் பூசணி தொங்குவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. இறந்தவரை எண்ணி விளக்கேற்றுவதும், அச்சத்தைப் போக்க ஒரு முகத்தை வரைவதும் மனித இயல்பு என்றே சொல்கிறோம்.

இனி நம் முதியோரின் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி வகுத்துக் காட்டினார். அந்த முறையில் ஒவ்வொரு வெட்டுக்கும் சீவ வேண்டிய பட்டை ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆழம் குறைந்தால் பால் வராது. மிஞ்சினால் மரம் புண்ணாகும். விடிந்தும் விடியாத இருட்டில், தலையில் கட்டிய விளக்கொளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவு தவறாமல் உளி பிடித்தவர்கள் நம் தாய்மார்கள். கணக்குப் புத்தகம் அவர்களைக் கூலி என்று எழுதியது. அந்தக் கையில் இருந்தது தேர்ந்த கைவினைஞரின் அளவு.

இன்று அந்தக் கைகள் எங்கே இருக்கின்றன? 1960களிலிருந்து ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை ஏறியது. செம்பனை, ரப்பரைப் போல் ஒரே காலத்தில் இலை உதிர்ப்பதில்லை. அங்கே வளரும் பிள்ளைகளுக்கு இலையுதிர் காலமே தெரியாது. சிரம்பான், நீலாய்ப் பக்கங்களில் தோட்டங்களாக இருந்த நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வாசலில் பத்துப் பேரோடு பேசிக்கொண்டே தோரணம் கட்டிய பாட்டி, அடுக்குமாடி வீட்டில் சன்னலோரம் தனியே அமர்ந்திருக்கிறார். அவருக்குச் சோறு கிடைக்கிறது, மருந்தும் கிடைக்கிறது. கைக்கு வேலையும், சொல்லுக்குச் செவியும் கிடைப்பதில்லை.

ஆகவே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முற்றிய ரப்பர் இலைகளைப் பறித்து, ஒரு வாளித் தண்ணீரில் சில வாரங்கள் ஊறவிடலாம். கொசு முட்டையிடாதபடி வாளியை இறுக மூடவேண்டும். தண்ணீரை அடிக்கடி மாற்றவேண்டும். சதை அழுகியதும் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால், வலை போன்ற நரம்பு மட்டும் நிற்கும். அதைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே காயவைத்துச் சாயமேற்றிப் பூவாகக் கட்டலாம்; தீபாவளி வாழ்த்து அட்டையிலும் ஒட்டலாம். தென் தாய்லாந்திலும் நம் நாட்டிலும் இப்படிச் செய்த ரப்பர் இலைப் பூக்கள் விற்பனைக்கே வந்திருக்கின்றன. ஆகஸ்டு, செப்டம்பரில் விழும் ரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்கி வைத்தால் நவராத்திரிக்குள் பல்லாங்குழி தயார். அந்தக் கொட்டையில் நஞ்சு உண்டு. குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஈர்க்கு இருக்கிறது. விளக்குமாறு கட்டத் தெரிந்த தாத்தாவிடம் சிறு கூடை முடையவும் கேட்டுப் பாருங்கள்.

இதைச் செய்யும்போது பேரப்பிள்ளை பக்கத்தில் இருக்கவேண்டும். கை ஓலையை மடிக்கும்போது வாய் தானாகவே பழைய கதையைச் சொல்லும். எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்த நிரையில் வெட்டினார்கள், இலை உதிர்ந்த மாதத்தில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும். நம் குடும்பங்களின் வரலாறு எந்த நூலகத்திலும் முழுமையாக எழுதி வைக்கப்படவில்லை. அது அவர்கள் நினைவில் இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தென்னங்குருத்தை வாங்கி வந்து உங்கள் வீட்டுப் பெரியவரின் மடியில் வையுங்கள். "இதில் கிளி எப்படிச் செய்வது, பாட்டி?" என்று கேளுங்கள். மறந்துவிட்டது என்றுதான் முதலில் சொல்வார். கொஞ்சம் பொறுத்திருங்கள். விரல்கள் மறந்திருக்கமாட்டா.